ஹைபிரிட் டியூப் ஹெட்ஃபோன் ஆம்ப்: சத்தமே இல்லையா, உறுமுகிறதா, சுடுகிறதா?

ஒரு 12ஏயு7 டியூப் (கண்ணாடி வெற்றிடக் குழாய்; உள்ளே இரண்டு பாதி, சேனலுக்கு ஒன்று), இரண்டு ஐஆர்எஃப்510 மாஸ்ஃபெட் (ஒரு வகைப் பவர் டிரான்சிஸ்டர்), இரண்டு எல்எம்317 ரெகுலேட்டர், ஒரு 12 வோல்ட் அடாப்டர். வீட்டில் கட்டும் சின்ன ஹைபிரிட் ஹெட்ஃபோன் ஆம்ப் பெரும்பாலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வோல்ட்டேஜைப் பெருக்குவது டியூபின் வேலை. ஹெட்ஃபோனை ஓட்டும் அளவுக்குக் கரன்ட் தருவது மாஸ்ஃபெட்டின் வேலை. உயர் வோல்ட்டேஜ் எங்கும் இல்லை என்பதால் கை நடுங்காமல் அளந்து பார்க்கலாம். டியூப் பக்கம் முதன்முதலாக வருபவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது.

ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 1950களில் அமெரிக்கக் கார்கள் 6 வோல்ட் பேட்டரியிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறியபோது, அந்த 12 வோல்ட்டையே ஆனோடுக்கும் (டியூபில் பிளஸ் சப்ளை போகும் முனை) கொடுத்து ஓட்டும் ரேடியோ டியூப்களைத் தனியாகவே வடிவமைத்தார்கள். அந்தச் செட்டுகளில் ஸ்பீக்கரை ஓட்ட ஒரு பவர் டிரான்சிஸ்டர் இருக்கும், அப்போதே ஹைபிரிட்தான். நம் 12ஏயு7 அந்த ரகம் இல்லை. 100 முதல் 250 வோல்ட் வரை ஆனோடுக்குக் கொடுப்பதற்காகப் பிறந்தது. 100 வோல்ட்டில் 10 மில்லியாம்பியருக்கு மேல் ஓடக்கூடிய டியூப், நம் ஆம்பில் ஒரு மில்லியாம்பியரில் கால் பங்கைக்கூட எட்டாது. இவ்வளவு சின்ன கரன்ட்டில் ஒரு டிரை சால்டரோ (சரியாக ஒட்டாத ஈயம்), ஒழுகும் கெபாசிட்டரோ, அழுக்கான சாக்கெட்டோ பெரிய கோளாறாகக் காட்டிக்கொள்ளும். அதனால் பழுது பார்க்கும்போது காதை நம்பிப் பொருள்களை மாற்றுவதற்கு முன்னால் மல்டிமீட்டரை நம்புங்கள். பாட்டே ஓடாத நிலையில் எடுக்கும் டிசி வோல்ட்டேஜ் அளவுகளே பாதிக்கு மேற்பட்ட கோளாறுகளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

## முதலில் அளக்க வேண்டிய இடங்கள்

நான் சொல்லும் எண்கள் இந்த சர்க்யூட்டுக்கானவை: ஆனோடு ரெசிஸ்டர் 33 கிலோ ஓம், கேத்தோடு (எலெக்ட்ரான் புறப்படும் முனை) நேராக கிரவுண்டில், கிரிட்டிலிருந்து (சிக்னல் நுழையும் முனை) கிரவுண்டுக்கு 1 மெகா ஓம். ஆனோடிலிருந்து 0.22 மைக்ரோஃபாரட் வழியாக மாஸ்ஃபெட்டின் கேட் கால், அதாவது அதைக் கட்டுப்படுத்தும் கால். கேட்டுக்கு பயாஸ், அதாவது நிலையான டிசி வோல்ட்டேஜ், தருவது 100 கிலோ ஓம் ப்ரிசெட் (ஸ்க்ரூடிரைவரால் திருப்பிச் சரிசெய்யும் ரெசிஸ்டர்). அதன் நடுக்காலிலிருந்து 1 மெகா ஓம் வழியாக கேட்டுக்குப் போகிறது. ஒலி வெளியேறும் சோர்ஸ் காலுக்குக் கீழே எல்எம்317, 6.2 ஓம் ரெசிஸ்டரோடு நிலையான கரன்ட் இழுக்கும் அமைப்பு. வெளியே போகும் வழியில் 470 மைக்ரோஃபாரட். உங்களுடையதில் மதிப்புகள் கொஞ்சம் மாறலாம். தேடும் முறை மாறாது.

ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, அதன் இடத்தில் ஒவ்வொரு சேனலுக்கும் 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்று மாட்டுங்கள். சுவிட்சைப் போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். மீட்டரின் கறுப்பு முனையை அடாப்டரின் மைனஸில் கிளிப் போட்டுவிடுங்கள்.

சப்ளை 12 வோல்ட் இருக்க வேண்டும். டியூப் சாக்கெட்டில் 4, 5 கால்களுக்கு நடுவே அதே 12 வோல்ட். ஹீட்டர் கணக்குப்படி கேட்பது 12.6, ஆனால் 11.3 வரை இறங்கினாலும் அது ஏற்கக்கூடிய பத்து சதவீத எல்லைக்குள்தான். ஆனோடு, அதாவது 1, 6 கால்கள், 5 முதல் 7 வோல்ட். ப்ரிசெட்டின் நடுக்கால் சுமார் 10. மாஸ்ஃபெட் சோர்ஸ் 6. கடைசியாக, 6.2 ஓம் ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கு நடுவே 1.25 வோல்ட். இது சரியாக இருந்தால் 200 மில்லியாம்பியர் ஓடுகிறது என்று அர்த்தம். இரண்டு சேனலுக்கும் இந்த எண்களை ஒரு காகிதத்தில் பக்கம் பக்கமாக எழுதுங்கள். ஒரு சேனல் நன்றாக இருந்தால் அதுவே உங்களுக்கு அளவுகோல்.

சாக்கெட் கால்களை எண்ணும்போது அடியிலிருந்து பார்த்து, அகலமான இடைவெளியிலிருந்து கடிகாரச் சுற்றாக 1 முதல் 9. மேலிருந்து பார்த்து எண்ணினால் எல்லாமே தலைகீழாகிவிடும்.

இங்கே ஒரு விஷயம் பலரைக் குழப்பும். கேட் காலில் மீட்டர் முனையை வைத்தால் 10 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 9.1 காட்டும். கோளாறு இல்லை. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ் 10 மெகா ஓம். கேட்டுக்குப் போகும் 1 மெகா ஓமோடு சேர்ந்து அது வோல்ட்டேஜைப் பங்கு போட்டுக்கொள்கிறது. முனையை வைத்த கணத்தில் சோர்ஸ் வோல்ட்டேஜும் இறங்கும், எடுத்தால் மீண்டும் ஏறும். அதனால் கேட்டை நேரடியாக அளக்காதீர்கள். ப்ரிசெட்டின் நடுக்காலை அளந்தால் உண்மையான எண் கிடைக்கும்.

## சுவிட்ச் போட்டால் எதுவும் நடக்கவில்லை

டியூபுக்கு அடியில் ஆரஞ்சு வெளிச்சம் தெரிகிறது, ஆனால் சத்தம் இல்லையா? கிட்டாக வாங்கிய போர்டுகள் பலவற்றில் சாக்கெட்டின் நடு ஓட்டையில் அழகுக்காக ஒரு எல்இடி வைத்திருப்பார்கள். அது எரிவதை வைத்து ஹீட்டர் எரிகிறது என்று முடிவு கட்ட முடியாது. அறை விளக்கை அணைத்துவிட்டு, டியூபுக்குள் உலோகக் குழாயின் மேல்முனையில் மங்கலாகச் செம்மை தெரிகிறதா பாருங்கள். இரண்டு நிமிடம் கழித்துக் கண்ணாடியைத் தொட்டால் நன்றாக வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்.

சூடு இல்லை, ஆனால் சாக்கெட்டில் 4, 5 கால்களுக்கு நடுவே 12 வோல்ட் வருகிறது என்றால், டியூபை உருவி அதன் 4, 5 கம்பிகளுக்கு நடுவே ஓம்ஸ் பாருங்கள். சில ஓம்களோ பத்துப் பதினைந்து ஓம்களோ காட்டினால் ஹீட்டர் நன்றாக இருக்கிறது. சூடான பிறகுதான் அது 84 ஓமாக ஏறும். ஆறிய நிலையில் குறைவாகக் காட்டுவது இயல்பு. மீட்டர் அசையவே இல்லையென்றால் ஹீட்டர் அறுந்துவிட்டது. டியூப் நன்றாக இருந்தால் குற்றவாளி சாக்கெட்டின் பிடிப்பு. மெல்லிய ஊசியால் கவ்விகளைச் சற்று உள்ளே நெருக்கிவிடுங்கள்.

9ஆம் காலில் ஒயர் கொடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். அது ஹீட்டரின் நடு முனை. 4க்கும் 9க்கும் நடுவே 12 வோல்ட் கொடுத்துவிட்டால் 6.3 வோல்ட்டுக்கான பாதி இழை இரட்டிப்பு வோல்ட்டேஜை வாங்கும். கண்ணைப் பறிக்கும்படி எரிந்தால் உடனே சுவிட்சை அணையுங்கள்.

அடாப்டரின் விளக்கு விட்டு விட்டு மின்னுகிறது என்றால் அது திணறுகிறது. இந்த ஆம்ப் நிதானமாக ஓடும்போதே 550 மில்லியாம்பியருக்கு மேல் எடுக்கும்: இரண்டு சேனலுக்கு 400, ஹீட்டருக்கு 150. சுவிட்ச் போட்ட கணத்தில் ஆறிய ஹீட்டரும் காலி கெபாசிட்டர்களும் சேர்ந்து பல மடங்கு இழுக்கும். 1 ஆம்பியர் என்று அச்சடித்த அடாப்டர்கள் பலவும் அப்போது பாதுகாப்புக்காகத் தம்மை அணைத்துக்கொள்ளும், மறுபடி முயலும், மறுபடி அணையும். சிசிடிவி கேமராவுக்கென்று எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் விற்கும் 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் போதும். அதிலும் திணறினால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. அடுத்த பகுதிக்குப் போங்கள்.

## புகை வந்தது, அல்லது 6.2 ஓம் ரெசிஸ்டர் கருகியது

சொந்தமாகப் பெட்டியில் அடுக்குபவர்களுக்கு அதிகம் வரும் விபத்து இதுதான். ஐஆர்எஃப்510இன் முதுகில் இருக்கும் உலோகத் தகடு டிரெயின் காலோடு உள்ளேயே இணைந்தது. நம் சர்க்யூட்டில் டிரெயின் 12 வோல்ட்டில் இருக்கிறது. எல்எம்317இன் தகடோ அவுட்புட் காலோடு இணைந்தது. நம் சர்க்யூட்டில் அது வெறும் 1.25 வோல்ட்டில் இருக்கிறது. இரண்டையும் ஒரே ஹீட்சிங்கில் (சூட்டை வாங்கும் உலோகம்), மின்சாரம் கடத்தாத மைக்கா ஷீட் இல்லாமல் திருகினால், 12 வோல்ட் அப்படியே 6.2 ஓம் ரெசிஸ்டர் வழியாக கிரவுண்டுக்கு இறங்கும். கிட்டத்தட்ட 2 ஆம்பியர், 23 வாட். 1 வாட் ரெசிஸ்டருக்கு நொடிகளில் கதை முடிந்துவிடும்.

மைக்கா போட்டால் மட்டும் போதாது. ஸ்க்ரூ வழியாகவும் ஷார்ட் ஆகும். அதற்கு ஸ்க்ரூவைச் சுற்றிப் போடும் பிளாஸ்டிக் புஷ் வேண்டும். ஹீட்சிங்க் ஓட்டையின் ஓரத்தில் துளையிட்டபோது எழுந்த பிசிறு மைக்காவைக் குத்திக் கிழிப்பதும் உண்டு. பெரிய டிரில் பிட்டைக் கையால் சுழற்றி அந்தப் பிசிறை எடுத்துவிடுங்கள். எல்லாம் திருகி முடித்ததும், சப்ளை கொடுக்கும் முன், மீட்டரின் ஒரு முனையை ஹீட்சிங்கிலும் மறு முனையை ஒவ்வொரு தகட்டிலும் வைத்துப் பாருங்கள். பீப் வரக் கூடாது. நான்கு பொருளுக்கும் தனித்தனி ஹீட்சிங்க் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் அவை ஒன்றையொன்று தொடாமலும், பெட்டியைத் தொடாமலும் இருக்க வேண்டும்.

அதே குடும்பத்து இன்னொரு தவறு கால் வரிசையில் வரும். 7805 ரெகுலேட்டரைப் பார்த்துப் பழகிய கை, எல்எம்317க்கும் இடப்பக்கம் இன்புட் என்று நினைத்துக்கொள்ளும். எழுத்து உள்ள முகத்தை நம் பக்கம் வைத்தால் எல்எம்317க்கு இடமிருந்து அட்ஜஸ்ட், அவுட்புட், இன்புட். ஐஆர்எஃப்510க்கு கேட், டிரெயின், சோர்ஸ். எல்எம்317இன் இன்புட் மாஸ்ஃபெட் சோர்ஸுக்கும், அவுட்புட் 6.2 ஓமின் மேல் முனைக்கும், அட்ஜஸ்ட் அந்த ரெசிஸ்டரின் கீழ் முனையோடு சேர்ந்து கிரவுண்டுக்கும் போக வேண்டும்.

## ஒரு சேனல் மட்டும் ஊமை

இடது நன்றாகப் பாடுகிறது, வலது ஊமை. எழுதி வைத்த எண்களை எடுங்கள்.

சோர்ஸ் 0 வோல்ட், ஆனால் ப்ரிசெட் நடுவில் 10 வோல்ட் இருக்கிறது என்றால் மாஸ்ஃபெட் கடத்தவில்லை. ஐஆர்எஃப்510 விழிக்க கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே 2 முதல் 4 வோல்ட் தேவை என்று அதன் டேட்டாஷீட் சொல்கிறது. 200 மில்லியாம்பியர் ஓட்டும்போது 4ஐ ஒட்டி வரும். 10 கொடுத்தும் எழவில்லை என்றால் ஒன்று கால் ஒட்டவில்லை, அல்லது கேட் செத்துவிட்டது. போர்டிலிருந்து எடுத்து, கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே ஓம்ஸ் பாருங்கள். இரு பக்கமும் திறந்தே காட்ட வேண்டும். ஏதாவது எண் தெரிந்தால் கையில் இருந்த நிலைமின்சாரம் உள்ளிருந்த மெல்லிய ஆக்ஸைடைத் துளைத்துவிட்டது. மாற்றும்போது கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே 12 வோல்ட் ஜீனர் டயோட் ஒன்றையும் சேர்த்துப் போடுங்கள்.

சோர்ஸ் 12 வோல்ட்டைத் தொட்டுக்கொண்டு நின்றால் மாஸ்ஃபெட்டின் டிரெயினும் சோர்ஸும் ஷார்ட். எல்எம்317 வழக்கத்தைவிடச் சூடாக இருக்கும். அதுவும் ஒரு சாட்சி.

சோர்ஸ் 6, ரெசிஸ்டரில் 1.25, எல்லாம் சரி, ஆனாலும் ஊமை என்றால் மாஸ்ஃபெட் பக்கம் பிழை இல்லை. ஆனோடுக்கு வாருங்கள். அது 12 வோல்ட்டிலேயே நின்றால் டியூபின் அந்தப் பாதியில் கரன்ட் ஓடவில்லை: கேத்தோடு கால் கிரவுண்டைத் தொடவில்லை, அல்லது சாக்கெட் பிடிக்கவில்லை. 3, 8 கால்களிலிருந்து கிரவுண்டுக்கு ஓம்ஸ் பாருங்கள். ஆனோடு 0 என்றால் 33 கிலோ ஓம் ரெசிஸ்டருக்குப் போகும் வழி அறுந்திருக்கிறது.

ஆனோடும் சரியாக இருந்தால் சிக்னலைப் பின்தொடர வேண்டியதுதான். 12 வோல்ட் சர்க்யூட்தான் என்பதால் ஒரு பழைய முறையை அச்சமின்றிச் செய்யலாம்: விலை குறைந்த இயர்ஃபோனை மாட்டி, வால்யூமை நடுவில் வைத்து, உலோக ஸ்க்ரூடிரைவரின் தண்டில் விரல் படப் பிடித்து, அதன் முனையால் 2ஆம் காலையும் 7ஆம் காலையும் மாறி மாறித் தொடுங்கள். நல்ல சேனலில் உர்ர் என்று கேட்கும். ஊமைச் சேனலிலும் கேட்டால் கோளாறு கிரிட்டுக்கு முன்னால், அதாவது வால்யூம் கன்ட்ரோலிலோ உள்ளே வரும் ஒயரிலோ இருக்கிறது. கேட்கவில்லை என்றால் 0.22 கெபாசிட்டரும் அவுட்புட் கெபாசிட்டரும் ஜாக்கும் மிச்சம். ஆனோடுக்கு இருநூறு வோல்ட் ஏற்றித் தரும் போர்டு உங்களுடையது என்றால் இந்தச் சோதனையை ஒருபோதும் செய்யாதீர்கள்.

## பாட்டு வருகிறது, பாடகர் குரல் காணோம்

தபேலா, வயலின், எதிரொலி எல்லாம் அகலமாகக் கேட்கும். நடுவில் நிற்க வேண்டிய குரல் மட்டும் எங்கோ கிணற்றடியில் இருப்பதுபோல் தேய்ந்திருக்கும். முதன்முறை கேட்பவர்கள் டியூபைத்தான் சந்தேகப்படுவார்கள். காரணம் ஜாக்கின் கிரவுண்ட் ஒயர். அது விட்டுப்போனால் ஹெட்ஃபோனின் இரண்டு காதுகளும் தொடராக இணைந்து, இடதுக்கும் வலதுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் ஒலிக்கும். குரலை இரண்டு பக்கமும் சமமாகத்தான் கலந்திருப்பார்கள், கழித்தால் பூஜ்யம்.

ஜாக்கைத் திருப்பி கிரவுண்ட் காலுக்கு ஈயம் வைத்த இடத்தைப் பாருங்கள். மைக் உள்ள போன் இயர்ஃபோனின் நான்கு வளைய பிளக்கை மூன்று வளைய ஜாக்கில் செருகினாலும் இதே அறிகுறி வரும். பிளக்கை ஒரு மில்லிமீட்டர் வெளியே இழுத்ததும் குரல் திரும்பி வந்தால் ஆம்பில் கோளாறே இல்லை.

## உர்ர் என்ற ஹம்

இதற்குத்தான் அதிக நேரம் செலவாகும். பொறுமையாகப் பிரித்துப் பார்த்தால் கட்டாயம் பிடிபடும்.

முதல் கேள்வி: வால்யூமை முழுக்கக் குறைத்தால் ஹம் போகிறதா? போகவில்லை என்றால் அது வால்யூம் கன்ட்ரோலுக்குப் பிறகு நுழைகிறது: சப்ளை, அல்லது கிரவுண்ட் ஒயர் ஓட்டம். வால்யூமோடு சேர்ந்து ஏறி இறங்கினால் வெளியிலிருந்து வருகிறது. வால்யூமின் இரு கோடியிலும் குறைந்து, இடையில் ஓரிடத்தில் மட்டும் உச்சமாக இருந்தால் அது ஒயர் காற்றிலிருந்து பிடிக்கும் ஹம். வால்யூம் கன்ட்ரோலின் வெளி இம்பிடென்ஸ் (சிக்னலுக்கு உள்ள எதிர்ப்பு) அந்த இடத்தில்தான் மிக அதிகம். லாக் வகை (தொடக்கத்தில் மெல்ல ஏறும் கன்ட்ரோல்) என்றால் அந்த இடம் சுழற்சியின் நடுவில் இருக்காது, மேல் பக்கமாகத் தள்ளி இருக்கும். கிரிட்டுக்குப் போகும் ஒயரை ஷீல்டு ஒயராக மாற்றுங்கள். ஷீல்டை ஒரு முனையில் மட்டும் கிரவுண்ட் செய்யுங்கள். வால்யூம் கன்ட்ரோலின் உலோக உடலையும் கிரவுண்ட் செய்யுங்கள்.

வெளியிலிருந்து வருகிறது என்று தெரிந்தால், உள்ளே வரும் கேபிளை உருவிப் பாருங்கள். உருவியதும் அமைதி என்றால், பாட்டு தரும் கருவியின் சார்ஜரைச் சந்தேகிக்கலாம். லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டிக் கேளுங்கள். சார்ஜரில் கொர்ர், பேட்டரியில் சுத்தம் என்றால் உங்கள் ஆம்பைத் திறக்கவே வேண்டாம்.

வால்யூம் பூஜ்யத்திலும் ஹம் இருந்தால் ஒரு 12 வோல்ட் சீல்டு பேட்டரி கிடைக்குமா பாருங்கள். யுபிஎஸ்ஸில் இருக்கும் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி இதற்கு அருமையான சோதனைக் கருவி. வழியில் 1 ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ ஃப்யூஸ் ஒன்று போட்டு, ஆம்பை அதில் ஓட்டுங்கள். ஹம் மறைந்தால் அடாப்டர். மறையாவிட்டால் உங்கள் ஒயரிங்.

அடாப்டர்தான் காரணம் என்று தெரிந்ததும் சப்ளையில் பெரிய கெபாசிட்டராகப் போட்டுக்கொண்டே போவது பலர் செய்வது. அதனால் கிடைக்கும் பலன் குறைவு. சப்ளையின் அழுக்கு எந்த வழியாகக் காதுக்கு வருகிறது என்று பார்த்தால் இது புரியும். மாஸ்ஃபெட்டின் டிரெயினில் வரும் ரிப்பிளை (டிசியில் மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கம்), சோர்ஸ் ஃபாலோயர், அதாவது சோர்ஸ் காலிலிருந்து ஒலியை எடுக்கும் நம் மாஸ்ஃபெட் அமைப்பு, பெருமளவு தானே தடுத்துவிடும். ஆனால் 33 கிலோ ஓம் ரெசிஸ்டரின் மேல் முனையில் ரிப்பிள் இருந்தால் அதில் ஒரு நல்ல பங்கு நேராக ஆனோடில் இறங்கி, கேட் வழியாக வெளியே போகும். அதைவிட மோசமான வாசல் ப்ரிசெட். 12 வோல்ட்டைப் பங்கு பிரித்து 10 ஆக்கித் தரும் ப்ரிசெட், சப்ளையில் உள்ள ரிப்பிளிலும் ஆறில் ஐந்து பங்கை அப்படியே கேட் பக்கம் அனுப்பி வைக்கும்.

இரண்டு வாசலையும் அடைப்பதற்கு ஆகும் செலவு ஒரு டீ செலவுதான். ப்ரிசெட்டின் நடுக்காலிலிருந்து கிரவுண்டுக்கு 22 மைக்ரோஃபாரட். ஆனோடு ரெசிஸ்டர்களுக்குப் போகும் 12 வோல்ட்டில் தொடராக 1 கிலோ ஓம், அதன் பிறகு கிரவுண்டுக்கு 220 மைக்ரோஃபாரட். இரண்டு பாதியும் சேர்ந்து அரை மில்லியாம்பியர்கூட எடுக்காது என்பதால் 1 கிலோ ஓமில் இழப்பது அரை வோல்ட்டுக்கும் கீழே. 100 ஹெர்ட்ஸ் ரிப்பிளோ நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். 200 மில்லியாம்பியர் ஓடும் மாஸ்ஃபெட் பாதையில் இப்படி ரெசிஸ்டர் போட முடியாது. இங்கே போட முடிவதற்குக் காரணம் டியூபின் அந்தச் சின்ன கரன்ட்தான்.

பேட்டரியிலும் ஹம் தொடர்ந்தால் கிரவுண்ட் ஒயர்களைப் பாருங்கள். எல்எம்317 வழியாகத் திரும்பும் 200 மில்லியாம்பியரும் ஹீட்டரின் 150 மில்லியாம்பியரும், இன்புட் ஜாக்கின் கிரவுண்ட் போகும் அதே ஒயரில் போகக் கூடாது. சப்ளை கெபாசிட்டரின் மைனஸ் காலை மையமாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர் இழுங்கள். அப்புறம், மேசையில் ஆம்ப் வைத்திருக்கும் இடத்தையும் பாருங்கள். பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பழைய ஸ்டெபிலைசர் இருந்தால் ஒரு முழம் தள்ளி வைத்துக் கேளுங்கள்.

## சத்தம் கீச்சென்று கிழிகிறது, மாஸ்ஃபெட் காரணமில்லாமல் சுடுகிறது

அளந்த எண்கள் கையை அருகே கொண்டுபோனதும் ஆடுகின்றனவா? ஒரு கேபிளைத் தொட்டால் ஒலி மாறுகிறதா? மாஸ்ஃபெட் ஆசிலேட் ஆகிறது, அதாவது தானாகவே உயர் அதிர்வெண் அலையை உண்டாக்குகிறது. ஐஆர்எஃப்510 வேகமான பொருள். ஹாம் ரேடியோக்காரர்கள் குறைந்த பவர் டிரான்ஸ்மிட்டர்களில் இதையே இறுதிக் கட்டமாக வைத்து மெகாஹெர்ட்ஸ் கணக்கில் ஓட்டுகிறார்கள். நீளமான கேட் ஒயர் கொடுத்தால் நம் பெட்டியிலும் அது டிரான்ஸ்மிட்டராகிவிடும்.

மருந்து, கேட் ஸ்டாப்பர்: 220 ஓம் ரெசிஸ்டர். போர்டின் இன்னொரு மூலையில் இருந்தால் பயன் இல்லை; அதன் உடல் கேட் காலை ஒட்டி, இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். டிரெயினிலிருந்து கிரவுண்டுக்கு, காலுக்குப் பக்கத்திலேயே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் ஒன்றும் சேருங்கள்.

போனில் அழைப்பு வரும்போது மட்டும் டிட்-டிட் என்று கேட்டால் நுழைவாயில் கிரிட். சாக்கெட்டின் 2, 7 கால்களிலேயே 1 முதல் 4.7 கிலோ ஓம் வரை ஒரு ரெசிஸ்டரைத் தொடராக வையுங்கள்.

## சத்தமாக வைத்தால் கரகரக்கிறது

சோர்ஸ் 6 வோல்ட்டில் இல்லாவிட்டால் ப்ரிசெட்டைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். பெட்டியை மூடி அரை மணி நேரம் சூடேறிய பிறகு மறுபடி சரிபாருங்கள். சூட்டில் மாஸ்ஃபெட்டின் விழிப்பு வோல்ட்டேஜ் மாறும், சோர்ஸ் நகரும்.

6இல் நின்றும் கரகரத்தால் ஆம்பின் எல்லையே அதுதான். எல்எம்317 தனக்கென்று சுமார் 2 வோல்ட்டும், ரெசிஸ்டரில் 1.25 வோல்ட்டும் கேட்கும். அதனால் சோர்ஸ் 3.25க்குக் கீழே இறங்க முடியாது. 6இலிருந்து கீழே போக 2.75 வோல்ட்தான் இடம். 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு அது காதைக் கெடுக்கும் அளவுக்குச் சத்தம். ஆனால் டியூப் சுமார் பத்து மடங்கு பெருக்குவதால், போனிலிருந்து கால் வோல்ட்டுக்குச் சற்று மேலே வந்தாலே எல்லை தொட்டுவிடும். அதற்காகப் போனின் வால்யூமைக் குறைக்க வேண்டாம். வால்யூம் கன்ட்ரோலுக்கு முன்னால் ஒவ்வொரு சேனலிலும் 100 கிலோ ஓம் தொடராகப் போடுங்கள். 50 கிலோ ஓம் கன்ட்ரோலோடு சேர்ந்து சிக்னல் மூன்றில் ஒரு பங்காகும். குமிழைத் திருப்ப நல்ல இடமும் கிடைக்கும். மலிவான இரட்டை வால்யூம் கன்ட்ரோல்களில் அடிமட்டத்தில் இடது வலது சமமாக இருப்பதில்லை. அந்தக் குறையும் இதனால் மறையும்.

## பேஸ் இல்லை, அல்லது மேல் சுருதி மங்கல்

பேஸ் மெலிந்திருந்தால் அவுட்புட் கெபாசிட்டரைப் பாருங்கள். 470 மைக்ரோஃபாரட் 32 ஓமோடு சேர்ந்து சுமார் 10 ஹெர்ட்ஸ் வரை இறங்கும்; 100 மைக்ரோஃபாரட் போட்டிருந்தால் 50 ஹெர்ட்ஸிலேயே சரிவு தொடங்கிவிடும். 16 ஓம் இயர்ஃபோன் என்றால் 1000 போடுங்கள். பிளஸ் கால் மாஸ்ஃபெட் பக்கம் இருக்க வேண்டும்.

மேல் சுருதி மங்கினால் வால்யூம் கன்ட்ரோல் 500 கிலோ ஓமா என்று பாருங்கள். அதன் பின் நீளமான ஷீல்டு ஒயர் இருந்தால், அந்த ஒயரின் கெபாசிட்டன்ஸே 10 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் வெட்ட ஆரம்பிக்கும். 50 கிலோ ஓமாக மாற்றுங்கள்.

## குமிழைத் திருப்பினால் சரசர, டியூபைத் தட்டினால் ணிங்

குமிழைத் திருப்பும்போது வரும் சரசரப்புக்குத் தூசு ஒரு காரணம். இந்த சர்க்யூட்டில் இன்னொன்றும் உண்டு: இவ்வளவு குறைந்த ஆனோடு வோல்ட்டேஜில் கிரிட்டில் மிகச் சிறிய கரன்ட் ஓடும், அது குமிழின் தடத்தில் டிசியை உண்டாக்கும். கன்ட்ரோலுக்கும் கிரிட்டுக்கும் நடுவே 0.22 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டர் இருக்கிறதா பாருங்கள். கிரிட்டின் 1 மெகா ஓம் கெபாசிட்டருக்கு டியூப் பக்கம் இருக்க வேண்டும்.

பென்சிலால் டியூபை மெல்லத் தட்டினால் ணிங் என்று கொஞ்சம் கேட்பது இயல்பு. மேசையில் கப் வைத்தாலே கேட்டால் டியூபின் உள் பாகங்கள் தளர்ந்திருக்கின்றன. வேறு டியூப் போட்டுப் பார்க்கலாம். தட்டும்போது ணிங் வராமல் கரக் என்று வந்தால் சாக்கெட்டும் ஈயமும்தான் காரணம், டியூப் இல்லை.

## டியூப் மாற்றியதும் கெட்டுப்போனது

இசிசி82 என்பது 12ஏயு7இன் ஐரோப்பியப் பெயர், கவலையில்லாமல் மாற்றலாம். 5814ஏவும் அப்படித்தான், ஹீட்டர் மட்டும் 175 மில்லியாம்பியர் எடுக்கும். 12ஏஎக்ஸ்7 அதே சாக்கெட்டில் உட்காரும், எரியும், ஆனால் 12 வோல்ட் ஆனோடு சப்ளையில் அதில் கரன்ட் மிகவும் குறைவு. ஆனோடு 12ஐ ஒட்டியே நிற்கும், ஒலி கிழியும். கழற்றிவிடுங்கள்.

6டிஜே8, 6922 இரண்டையும் செருகவே வேண்டாம். அவற்றின் 4, 5 கால்கள் 6.3 வோல்ட்டுக்கானவை, 9ஆம் கால் ஹீட்டரின் நடு முனை இல்லை, உள் ஷீல்டு. 12 வோல்ட் போர்டில் அவை பளீரென்று எரிந்து அறுந்துபோகும். பழைய டியூப்களில் எழுத்து அழிந்திருந்தால், செருகும் முன் 4க்கும் 9க்கும், 5க்கும் 9க்கும் நடுவே ஓம்ஸ் பாருங்கள். இரண்டும் சமமாக, 4க்கும் 5க்கும் நடுவே உள்ளதில் பாதியாக இருந்தால் 12.6 வோல்ட் ஹீட்டர் உள்ள வகை. 9ஆம் கால் எதையும் தொடாமல் திறந்தே காட்டினால் அந்த டியூபை இந்தப் போர்டில் வைக்காதீர்கள்.